பழமும் பழச்சாறும்

(இலஞ்சியில் ஆற்றிய உரை)



குற்றாலச் சாரற் காலத்தில் இலஞ்சிக்கு வருவோர் பழக்கடைகளைக் காணாமல் திரும்புவதில்லை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் கொய்யாவும் குவிந்திருக்க, அருகே சாறு பிழியும் இயந்திரம் சுழல்கிறது. “குருதியில் கொலஸ்ட்ரால் மிகுந்துள்ளதாம், ஆதலால் காலைதோறும் பழச்சாறு அருந்துகிறேன்” என்று நம்மவர் பலர் கூறுகின்றனர். அவ்வழக்கம் குறித்தே பேச விழைகிறேன்.

புலால் மறுத்த நமக்குக் கொலஸ்ட்ரால் வாராது என்பர் சிலர். காய்கனிகளில் அது இல்லை என்பது மெய்யே. ஆயினும் நம் உடலிலுள்ளதிற் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. நெய்யும் தேங்காயெண்ணெயும் மிகுந்தால் எல்.டி.எல். எனப்படும் தீய கொலஸ்ட்ரால் உயரும்.

பழம் எவ்வாறு உதவுகிறது? கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டே பித்தநீரை உண்டாக்குகிறது. குடலில் பணி முடித்த பித்தம் பெரும்பாலும் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலையே அடைகிறது. கொய்யா, ஆப்பிள் முதலியவற்றிலுள்ள பெக்டின் என்னும் கரையும் நார், அப்பித்தத்தில் ஒரு பகுதியைப் பற்றிக் கழிவோடு வெளியேற்றிவிடும். இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் குருதியிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது, அளவு குறைகிறது. வடிகட்டியில் தங்கும் சக்கையென நாம் எறிவதில் அந்நாரும் போய்விடுகிறது! எஞ்சுவது பெரும்பாலும் இனிப்பு நீரே. மிகையான இனிப்பைக் கல்லீரல் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக மாற்றும். கடைக்காரர் சர்க்கரையும் சேர்த்தாரெனின் சொல்ல வேண்டுவதில்லை.

டென்மார்க்கில் நிகழ்ந்து 2013-இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கும். நலமுள்ள 23 பேருக்கு ஆப்பிளை முழுப் பழமாகவும், சக்கையாகவும், கலங்கிய சாறாகவும், தெளிந்த சாறாகவும் நான்கு நான்கு வாரங்கள் அளித்தனர். முழுப் பழம் உண்ட காலத்தைவிடத் தெளிந்த சாறு அருந்திய காலத்தில் எல்.டி.எல். ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுந்திருந்தது. சிறிய ஆய்வுதான், எனினும் கண்ணாடி போன்ற சாறே உயர்ந்தது என்னும் நம் எண்ணத்தை அது அசைத்துவிடுகிறது.

ஆதிபகவனுக்குச் சிரேயாம்ச மன்னர் கரும்புச்சாறு அளித்தாரே எனச் சிலர் வினவலாம். ஓராண்டுக்கு மேல் உண்ணாதிருந்தவர் ஏற்ற பாரணை அது. நாள்தோறும் வயிறார உண்பவர் அதனைச் சான்று காட்டுதல் பொருந்தாது.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பழச்சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவோர் உளர். மாரடைப்பு வரும்வரை கொலஸ்ட்ரால் எவ்வறிகுறியும் காட்டாதிருக்கக்கூடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மாத்திரை உண்போரும் பம்பளிமாஸ் பழத்தில் கருத்தாயிருத்தல் நன்று. அதன் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட், சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் குடல் நொதியைத் தடுக்கும். பம்பளிமாஸிலும் அத்தகைய பொருள்கள் உண்டு. அதனால் மருந்து குருதியில் அளவுக்கு மீறித் தங்கித் தசைகளுக்குத் தீங்கு விளைக்கலாம். எல்லா ஸ்டாடின் மருந்துகளுக்கும் இஃது இல்லை. ஆகவே இல்லம் சென்றதும் மாத்திரை அட்டையிலுள்ள பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது இதனைக் கேட்டறியுங்கள்.