தேரும் மலையும்: இரு பழைய கமராக்கள்

மாத்தளையிலே புகைப்படக்கலை பயில விழையும் இளைஞர், கைப்பணம் சுருங்கியிருப்பின் பழைய கமராவையே நாடுவர். கெனன் 5டி மார்க் 2, கெனன் 7டி என்னும் இரண்டில் எதனைக் கொள்வது?

2008இல் வெளிவந்த முன்னது 2.11 கோடி படப்புள்ளிகள் கொண்டது. 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள அதன் உணரி, மங்கிய ஒளியையும் நன்கு ஏற்கும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் விரிவுக்கும் அலுவிகாரைக் குகையின் இருளுக்கும் அதுவே ஏற்றது. ஆயின், விநாடிக்கு நான்கு படங்களைக்கூட அது எட்டாது.

2009இல் வந்த பின்னதோ எட்டுப் படங்கள் எடுக்கும். அதன் உணரி சிறிது. ஆதலின் அதே வில்லையில் தொலைவிலுள்ளது நெருங்கித் தோன்றும். முத்துமாரியம்மன் தேர்த்திருவிழாவின் காவடிகளுக்கு அதுவே உகந்தது.

மலை நாளையும் நிற்கும், தேர் நில்லாது. எதனைப் படம்பிடிக்க விரும்புகின்றீர்கள் என்பதைத் தெளிந்தபின் விலை பேசுங்கள்.