பெற்றோல் தாங்கியும் சுவாசிக்க வேண்டும்
(இரத்மலானையில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆயுத பூசையைப் பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். நான் சமய அறிஞன் அல்லேன். பழைய மோட்டர் காரொன்றைப் பேணி வருபவன். ஆதலால், பூசைக்கு முன் என் காரில் கண்ட ஒரு குறையையும், அதனைத் தேடித் திருத்திய வகையையும் சொல்ல விரும்புகின்றேன்.

என்னுடையது 1965ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் பீட்டில். இதற்கு எஞ்சின் பின்னால். 40 லீற்றர் கொள்ளும் பெற்றோல் தாங்கியோ முன்னால், பொனற்றுக்குக் கீழே. நாம் தேசிக்காய் வைத்துக் கற்பூரம் கொளுத்துவதும் அந்த முன்பக்கத்திலேதான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

சில வாரங்களாகக் காருக்குள் பெற்றோல் மணம் வீசியது. வெள்ளவத்தைக்குப் போய் வருவதற்குள் பிள்ளைகளுக்குத் தலையிடி வந்துவிடும். "பழைய கார் என்றால் அப்படித்தான்" என்று வாசனைப் பொருளொன்றை வாங்கித் தொங்கவிட்டேன். அது பெரும் பிழை. நோயை ஆராயாமல் அதன் அறிகுறியை மூடிவிட்டேன்.

பின்பு கவனித்தேன். தாங்கி பாதியாக இருக்கும்போது மணம் குறைவு. நிரப்பி வெயிலில் நிறுத்திய நாளில் மிகுதி. எஞ்சினுக்குப் போகும் அடிக்குழாய் ஒழுகினால் எந்நாளும் மணக்க வேண்டும். ஆகவே குறை தாங்கியின் மேற்பக்கத்தில் என்று துணிந்தேன். மூடியின் வளையம் நன்றாக இருந்தது. எஞ்சியது சுவாசக் குழாய்.

பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வெப்பத்தில் பெருகும்போது ஆவி வெளியேற வேண்டும். 40 லீற்றர் பெற்றோல் 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் பெருகும். இதற்காகவே தாங்கியின் கழுத்திலிருந்து ஒரு சிறு றப்பர் குழாய் காரின் அடிப்புறம் செல்கிறது.

அதைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் சைக்கிள் பம்பினால் காற்றடித்தேன். சைக்கிள் ரியூப்பில் ஓட்டை பார்ப்பதுபோலத்தான். வளைவிலே மயிரிழை போன்ற வெடிப்பிலிருந்து குமிழிகள் எழுந்தன. முன்பு ஒரு கராஜில் சாதாரணத் தண்ணீர்க் குழாய்த் துண்டை மாட்டியிருந்தார்கள்.

1876இல் ஹெனரத்கொடையில் றப்பர் கன்றுகள் நட்ட நாடு நமது. ஆயினும் இயற்கை றப்பர் பெற்றோலில் ஊறி உப்பி நலிந்துவிடும். இதற்கு வேண்டியது நைற்றைல் எனும் செயற்கை றப்பரால் ஆன பெற்றோல் குழாய். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை செய்யும் முறையும் முக்கியம். தாங்கியில் பெற்றோல் குறைவாக இருக்கட்டும். காரைத் திறந்த வெளியில் ஆற விடுங்கள். பின்னாசனத்தின் கீழுள்ள பற்றறியின் இணைப்பைக் கழற்றுங்கள். அருகே சுருட்டோ விளக்கோ வேண்டாம். புதிய குழாய் நெரிபடாமல் கீழ்நோக்கிச் சரிந்து வெளியே முடிய வேண்டும். அந்த முனையைச் சேறோ குளவிக் கூடோ அடைத்தால் வேறொரு தொல்லை வரும்: சில மைல் ஓடியபின் எஞ்சின் நின்றுவிடும், மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உட்புகும், மீண்டும் ஓடும்.

பெற்றோல் ஆவி காற்றினும் மூன்று மடங்குக்கு மேல் பாரமானது. தாழ்ந்து நிலத்தோடு பரவும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பற்றும். அந்த வெடிப்போடு என் காரின் முன் கற்பூரம் ஏற்றியிருந்தால், சுற்றி நின்ற பிள்ளைகளின் கதி என்ன?

அவ்வாண்டு பொனற்றைத் திறந்து மணம் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே பூசைக்கு ஆயத்தமானேன். கற்பூரத் தட்டையும் பத்தடி தள்ளி வைத்தேன். கருவியைப் போற்றுவது என்றால் அதன் குறையை அறிந்து தீர்ப்பதும் சேர்ந்ததே. வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வரும் விஜயதசமிக்கு முன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள் என்று கேட்டு அமர்கின்றேன்.