இடரின் பெயர்கள்: ஆங்கிலச் சொற்களும் தமிழாக்கமும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் புயலும் பஞ்சமும் நிவாரணமும் பேசுபொருளாவது சிலருக்கு வியப்பளிக்கக் கூடும். எனினும் பேரழிவு நேரும்போது முதலில் வந்து சேர்வது அரிசியன்று, சொல். நேர்ந்தது யாது, அதற்குப் பொறுப்பு யார், உதவி பெறத் தக்கவர் எவர் என்பவற்றையெல்லாம் முதலில் ஒரு சொல்லே தீர்மானிக்கின்றது. இன்று உலகெங்கும் அச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வகுக்கப்பெற்று, அறிக்கைகளின் வாயிலாகவும் செய்தித்தாள்களின் வாயிலாகவும் தமிழுக்கு வருகின்றன. அவ்வாறு வருவனவற்றின் அகராதிப் பொருளை மட்டும் கண்டு தமிழாக்குதல் போதாது. ஒவ்வொரு சொல்லும் எந்தக் கதவைத் திறக்கின்றது, எதனை அடைக்கின்றது என்பதையும் காணுதல் வேண்டும். இவ்வுரையின் கருத்து இதுவே.

முதலில் கேட்டின் பெயர்களை நோக்கலாம். ‘டிசாஸ்டர்’ என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியே ஆங்கிலத்தில் புகுந்தது. அதன் உள்ளே இருப்பது விண்மீன். தீய கோளின் பார்வையால் விளைந்த கேடு என்பது அதன் பிறப்புப் பொருள். ‘கிரகம் சரியில்லை’ என்னும் தமிழ் வழக்கிற்கு அது உடன்பிறப்பு எனலாம். ‘கடாஸ்ட்ரஃபி’ கிரேக்க நாடக அரங்கிலிருந்து வந்தது. கதையின் முடிவில் நிகழும் தலைகீழ்த் திருப்பத்தையே அது முதலில் குறித்தது. பேரழிவு என்னும் பொருள் பின்னர் ஏற்பட்டது. ‘ஹசார்ட்’ என்பதோ பகடையாட்டத்தின் பெயர். ஒன்றில் கோளும், ஒன்றில் கதைப்போக்கும், ஒன்றில் பகடையும் உள்ளன. மூன்றிலும் மனிதன் செய்த பிழைக்கு இடமில்லை.

இந்நிலையை முதலில் அசைத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று லிஸ்பன் நகரின் அழிவு. 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவரின் திருநாளன்று, அந்நகரம் நிலநடுக்கத்தாலும் கடலலையாலும் தீயாலும் அழிந்தது. வால்தேர் அதுபற்றி ஒரு கவிதை இயற்றினார். அதற்கு மறுமொழியாக ரூசோ 1756இல் எழுதிய மடலில், அங்கே ஆறேழு மாடி வீடுகளை நெருக்கமாக எழுப்பியது இயற்கையன்று என்னும் கருத்தை முன்வைத்தார். அக்கருத்து சொல்லாட்சியில் ஏற்கப்பெற இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. 1976இல் ‘நேச்சர்’ இதழில் மூன்று ஆய்வாளர்கள், ‘இயற்கைப் பேரிடர்’ என்னும் தொடரிலிருந்து இயற்கையை நீக்க வேண்டுமென வாதிட்டனர். புயலும் நிலநடுக்கமும் இயற்கையின் நிகழ்ச்சிகள். அவை பேரிடராவது எளிய மக்களின் வறுமையாலும் பாதுகாப்பின்மையாலும் என்பது அவர்தம் முடிபு. 1990 முதல் 1999 வரையிலான பத்தாண்டினை இயற்கைப் பேரிடர்க் குறைப்புக்கெனக் கொண்டாடிய ஐக்கிய நாடுகள் அவை, அதன்பின் அமைத்த திட்டத்தின் பெயரில் ‘இயற்கை’ என்னும் அடையைச் சேர்க்கவில்லை.

தமிழில் ‘இயற்கையின் சீற்றம்’ என்னும் தொடர் இன்றும் செய்தித்தாள்களில் வாழ்கின்றது, கவிதைகளிலும் உண்டு. கேட்பதற்கு இனிய தொடர்தான். ஆயினும் சினந்தது இயற்கை என்று கூறிய மாத்திரத்தில், ஏரியைத் தூர்த்தவரும் ஆற்றங்கரையை வளைத்தவரும் அவையிலிருந்து மெல்ல வெளியேறி விடுகின்றனர். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம் பற்றி, 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பெற்ற இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, அதனை மனிதர் விளைத்த பேரிடர் என்றே குறித்தது. தணிக்கையாளர் கண்டதைக் கவிஞர் காணாதிருத்தல் தகுமா?

அடுத்து, பஞ்சத்தின் பெயர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தமிழ்மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என அழைத்தனர். துயருக்கு ஆண்டின் பெயரை இட்டு நினைவில் நிறுத்துவது மக்கள் வழக்கு. ஆட்சியாளரின் வழக்கோ வேறு. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்பார் நிவாரண வேலைக்கு வந்தோரின் கூலியை, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசும் என்ற அளவிற்குக் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு அது போதாதென எதிர்த்தார். இவ்வளவிற்கும் அத்திட்டத்தின் பெயர் ‘ரிலீஃப்’. சுமையை இறக்குதல், தூக்கி நிறுத்துதல் என்பது அச்சொல்லின் இலத்தீன் மூலப்பொருள். ஆனால் அக்கால ஆட்சியாளர் அதனை எடுத்துக்கொண்ட இடம் வேறு. உதவி நாடுவோரைக் கடுமையான உழைப்பில் இட்டு, அவர் வறுமை மெய்யா பொய்யா எனச் சோதித்த 1834ஆம் ஆண்டின் இங்கிலாந்து ஏழையர் சட்டமே அவர்களுக்கு முன்மாதிரி. இந்தியாவில் அது ‘சோதனை வேலை’ என்னும் பெயருடன் வந்தது. பசித்தவன் மண் சுமந்து தன் பசியை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சக் காலத்து நிவாரண வேலையாக வெட்டப்பெற்றதே.

1880இல் பஞ்ச ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. அதன் வழியே மாகாணந்தோறும் பஞ்ச விதித்தொகுப்புகள் தோன்றின. அவற்றில் ‘ஸ்கார்சிட்டி’ வேறு, ‘ஃபேமின்’ வேறு. முன்னது தட்டுப்பாடு, பின்னது பஞ்சம். பஞ்சம் என அறிவித்துவிட்டால் அரசு செய்தே தீர வேண்டிய கடமைகள் பல. ஆகவே அச்சொல் ஒரு சாவியாயிற்று. சாவியைத் திருப்பாதிருத்தலும் இயல்வதாயிற்று. 1943இல் வங்காளத்தில் மக்கள் தெருக்களில் விழுந்து மடிந்தபோதும், விதித்தொகுப்பின்படி பஞ்சம் அறிவிக்கப்பெறவே இல்லை. அறிவித்தால் விதிப்படி வழங்க வேண்டிய உணவு கையிருப்பில் இல்லை என்பது ஆட்சியாளர் தமக்குள் கூறிக்கொண்ட காரணம். மாண்டோர் ஏறத்தாழ 15 லட்சம் என அரசின் விசாரணைக் குழு கூறிற்று. பிந்தைய மதிப்பீடுகள் 30 லட்சம் வரை செல்கின்றன.

இன்று அச்சாவி நிலப்பிரபுக்களிடமோ ஆளுநர்களிடமோ இல்லை. 2004இல் சோமாலியாவுக்கென உருவாக்கப்பெற்று, பின் பல நாடுகளில் பரவிய ஐந்து படிநிலை அளவுகோல் ஒன்று உள்ளது. ஐந்தாம் படியே பஞ்சம். ஒரு பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களேனும் உணவின் கடும் இன்மையில் உழல வேண்டும். குழந்தைகளில் நூற்றுக்கு முப்பதின்மரேனும் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும். பதினாயிரவருள் நாள்தோறும் இருவரேனும் பசியாலும் அதனோடு இணைந்த நோயாலும் இறக்க வேண்டும். அப்போதுதான் அச்சொல்லை உரைக்கலாம். 2011இல் சோமாலியாவிலும், 2017இல் தென் சூடானிலும், 2024இல் சூடானின் ஜம்ஜம் முகாமிலும், 2025இல் காசாவிலும் அது உரைக்கப்பெற்றது. அளவுகோல் இருப்பது நன்றே. அதனால் எவரும் தம் விருப்பம்போல் கூட்டியும் குறைத்தும் பேச இயலாது. ஆனால் சோமாலியாவில் அப்பஞ்சத்தால் மாண்ட ஏறத்தாழ 2,60,000 பேருள் பாதியளவினர் அறிவிப்புக்கு முன்னரே மாண்டனர் எனப் பின்னர் நிகழ்ந்த ஆய்வு கணித்தது. சொல் உறுதியாகும்வரை காத்திருந்தால் சோறு காலந்தாழ்ந்தே செல்லும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவதாக, மக்களுக்கு இடப்பெறும் பெயர்கள். ‘விக்டிம்’ என்பது இலத்தீனில் பலியிடப்பெறும் விலங்கு. தமிழ்ச் செய்தித்தாள்களும் ‘மூவர் பலி’ என்றே எழுதுகின்றன. எத்தெய்வத்திற்கு, எவர் இட்ட பலி என எவரும் வினவுவதில்லை. ‘பெனிஃபிஷியரி’ தமிழில் ‘பயனாளி’ ஆயிற்று. வீட்டையும் படகையும் பறிகொடுத்தவர், ஒரு தார்ப்பாயும் ஒரு மூட்டை அரிசியும் பெற்றவுடன் பதிவேட்டில் பயனடைந்தவராகி விடுகின்றார். இழந்தது மறைந்து, பெற்றது மட்டும் பெயராக நிற்கின்றது.

‘ரெஃப்யூஜி’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் கூர்மையானது. 1685இல் பிரான்சு நாட்டு மன்னன் சமயவுரிமைச் சாசனத்தை நீக்கியபோது ஓடிவந்த சீர்திருத்தக் கிறித்தவரைக் குறிக்கவே ஆங்கிலம் அதனைப் பரவலாகக் கைக்கொண்டது. புகலிடம் என்பது அதன் உட்பொருள். ஓடிவந்தவன் சேருமிடத்தை அது சுட்டுகின்றது. தமிழின் ‘அகதி’யோ கதியற்றவன் எனப் பொருள்படும்; சேருமிடம் இல்லாமையையே அது சுட்டுகின்றது. ‘ஏதிலி’ என்னும் புதுவழக்கிலும் அயன்மை ஒலிக்கின்றது. பழந்தமிழில் ‘ஏதிலார்’ அயலாரே அல்லரோ? 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, நாட்டெல்லை கடந்தோர்க்கே அப்பெயரை வழங்கியது. எல்லைக்குள்ளேயே ஊர்விட்டு ஊர் துரத்தப்பெற்றோர்க்கென ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்’ என்னும் தொடர் நிலைபெற்று, 1998இல் அதற்கான வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பெற்றன. இடர் ஒன்றே, ஒரு கோட்டைத் தாண்டியதும் தாண்டாததுமே வேறுபாடு.

ஈழத்தமிழர் இவ்விரு பெயர்களையும் சுமந்தவர்கள். பாக்குநீரிணையைக் கடந்தோர் தமிழ்நாட்டில் ‘அகதிகள்’ எனப்பட்டனர். ஆனால் 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடாமையால், அச்சொல்லுக்குரிய பன்னாட்டு உரிமை அவர்க்கு வாய்க்கவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அம்முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. இழிவு தொனித்த சொல் நீங்கியது வரவேற்கத்தக்கது; குடியுரிமை பெயரோடு வந்துவிடுவதன்று என்பதும் உடன்நினைக்கத்தக்கது. மறுகரையில், 2009இல் வன்னிப் போரின் முடிவில் ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் மெனிக் பாம் முதலிய முகாம்களில் வைக்கப்பெற்றனர். முள்வேலி சூழ்ந்த, பல மாதங்கள் விருப்பம்போல் வெளியேற இயலாத அவ்விடங்களுக்கு அரசு இட்ட பெயர் ‘நலன்புரி நிலையம்’. ஆங்கிலத்தின் ‘வெல்ஃபேர்’ என்னும் சொல்லைப் பிழையின்றித் தமிழாக்கிய தொடர் அது. மொழிபெயர்ப்பில் பிழையில்லை; பெயருக்கும் இடத்திற்குமே உறவில்லை.

நான்காவதாக, உதவியின் நெறி. செஞ்சிலுவை இயக்கம் 1965இல் ஏற்ற ஏழு நெறிகளுள் ‘நியூட்ராலிட்டி’, ‘இம்பார்ஷியாலிட்டி’ என்பன இரண்டு. தமிழில் இரண்டையுமே ‘நடுநிலை’ என எழுதிவிடுகின்றனர். முன்னது போரிடுவோருள் எவர் பக்கமும் சேராமை. பின்னது தேவை ஒன்றையே அளவாகக் கொண்டு, இன்னார் இனியார் எனப் பாராது உதவுதல். பியாஃப்ரா போரின்போது, சேராமை என்பது வாய்திறவாமையாகலாமோ என்னும் வினா பிரெஞ்சு மருத்துவர் சிலரை உறுத்தியது. அதிலிருந்து 1971இல் பிறந்ததே ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்னும் அமைப்பு. வள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என வகுத்த அதிகாரம் பின்னதற்கே நெருக்கமானது. எனவே முன்னதைச் ‘சாராமை’ என்றும், பின்னதைப் ‘பாகுபாடின்மை’ என்றும் பிரித்தெழுதுதல் நலம். இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டால் அம்மருத்துவர்களின் வினாவைத் தமிழில் கேட்கவே இயலாது.

இறுதியாக, உயிர் காத்த ஒரு சொல். 2004 டிசம்பர் 26ஆம் நாள் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டது. ‘சுனாமி’ என்னும் ஜப்பானியச் சொல்லை அன்று காலை கரையோரத்தில் அறிந்திருந்தோர் மிகச் சிலர். துறைமுக அலை என்பது அதன் பொருள். ஆங்கிலமும் அதனைக் கடன் பெற்றதே; அதற்குமுன் ‘ஓத அலை’ எனப் பிழைபட வழங்கிற்று. தமிழில் ‘கடல்கோள்’ என்னும் சொல் உண்டு. இறையனார் களவியலுரை பாண்டியர் தலைநகரங்களைக் கடல் கொண்டதை உரைக்கின்றது. அந்நினைவில் பெருமிதமும் இழப்பும் உள்ளன. ஆனால் கடல் பின்வாங்கினால் ஓடு என்னும் எச்சரிக்கை அதில் இல்லை.

சுமத்ராவின் மேற்கே, அந்நிலநடுக்கம் பிறந்த இடத்திற்கு மிக அருகில், சிமெலுவே என்னும் தீவு உள்ளது. 1907இல் அங்கே பேரலை பலரை மாய்த்தது. பிழைத்தோர் அதற்கு ‘ஸ்மோங்’ எனப் பெயரிட்டனர். நிலம் வலிதாய் அதிர்ந்து, கடல் வற்றினால், மேட்டுக்கு ஓடுக என்னும் அறிவை அச்சொல்லோடு பிணைத்துத் தாலாட்டாகவும் பாட்டாகவும் பேரக் குழந்தைகளுக்குத் தந்தனர். 2004இல் சில நிமிடங்களிலேயே அலை அங்கே வந்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் மாண்டோர் எழுவர். ‘ஸ்மோங்’ எனக் கூவக் கேட்டவர்கள் குன்றேறிவிட்டனர். இன்று ஆங்கிலப் பேரிடர் நூல்கள் அச்சொல்லைக் கற்று எழுதுகின்றன.

2005இல் இந்தியாவும் இலங்கையும் தனித்தனியே பேரிடர்ச் சட்டம் இயற்றின. ஒன்று தமிழில் ‘பேரிடர் மேலாண்மை’ என்றும், மற்றொன்று ‘அனர்த்த முகாமைத்துவம்’ என்றும் வழங்குகின்றது. இருகரைத் தமிழர்க்கும் பொதுவான, குழந்தையும் அறியும் எச்சரிக்கைச் சொற்கள் இன்னும் தொகுக்கப்பெறவில்லை. புயலுக்கும் வெள்ளத்திற்கும் கடற்பெருக்கிற்கும் மீனவரும் உழவரும் வழங்கும் சொற்களைக் கடலோரந்தோறும் கேட்டுத் தொகுத்தல், அவற்றைக் குழந்தைகள் பாடும் பாட்டாக்கித் தருதல், அறிக்கைகளின் சொற்களை ஆராய்ந்தபின் தமிழாக்குதல் ஆகியன அரசு அலுவலகங்களைவிடக் கவிஞர் கூடும் அவைக்கே இயல்வன. பத்தாண்டு கண்ட வட்டம் அடுத்த பத்தாண்டில் இப்பணியை மேற்கொள்ளுமாயின், அதன் இருபதாம் ஆண்டு மலரில் அச்சொற்றொகுதி இடம்பெறட்டும்.