கிளினிக் கொப்பியும் அழகிய பொறுமையும்

 



நோயும் ஒரு சோதனை, அதில் பொறுமை செய்தால் பாவங்கள் உதிரும் என்று நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். அது உண்மை. ஆனால் சீனி வியாதியோ இரத்த அழுத்தமோ வந்த ஒருவர், மாதா மாதம் வைத்தியசாலையின் வாங்கில் அமர்ந்து, பதில் சொல்ல ஆளில்லாமல் திரும்பி வருகின்றாரே, அந்த அலைச்சலைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கின்றது என்று நாம் பேசியது குறைவு. இன்று அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகின்றேன்.

சப்ரகமுவ மாகாணத்தின் நிலத்தை நீங்கள் அறிவீர்கள். இரத்தினபுரி, பலாங்கொடை, இரக்குவானை, காவத்தை என்று ஒரு பக்கம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, மாவனல்லை என்று மறுபக்கம். மேலே தேயிலை, கீழே இறப்பர். தோட்டங்களை ஒட்டிய சிறு பட்டணங்களில் நம் மக்கள் கடை வைத்திருக்கின்றார்கள். லயங்களில் நமது தமிழ்ச் சகோதரர்கள் வாழ்கின்றார்கள். கிளினிக் நாளன்று எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் போகின்றார்கள். அதிகாலை ஸுப்ஹுத் தொழுகையை முடித்த கையோடு புறப்பட்டு, நம்பர்த் துண்டு எடுத்து, வரிசையில் இருந்து, வைத்தியரை இரண்டு நிமிடங்கள் கண்டு, மருந்து கொடுக்கும் சாளரத்தின் முன் மீண்டும் ஒரு வரிசையில் நின்று, வீடு வந்து சேரும்போது அஸர் நேரமாகிவிடும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்றைய பேர் விழாது. அந்த நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டு 1000 ரூபாவாகவும், 2024 ஆம் ஆண்டு 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதில் ஒரு நாளை இழந்து வந்தவளிடம், இரத்தப் பரிசோதனைப் பேப்பர் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வா என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? அடுத்த வாரமும் வரமாட்டாள். அடுத்த மாதமும் வரமாட்டாள். மருந்து அங்கேதான் நின்றுபோகின்றது. நோய் நின்றுபோவதில்லை.

தோட்டத்து மக்களுக்கு வைத்திய வசதி செய்து கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1912 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் வந்துவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்து மருந்தகங்களை நடத்தியதற்கு அச்சட்டமும் ஒரு காரணம். தொழிலாளி படுத்துவிட்டால் கொழுந்து பறிக்க ஆளில்லை என்பது இன்னொரு காரணம். பிற்காலத்தில் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆயினும் அந்தச் சிறிய மருந்தகத்தில் காய்ச்சலுக்கும் காயத்திற்கும் மருந்து கிடைக்குமே தவிர, ஆயுள் முழுவதும் தொடரும் நோயைக் கண்காணிக்க வசதி போதாது. அதற்குப் பட்டணத்துக் கிளினிக்கே கதி.

நேயர்களே! சீனி வியாதி அரிதான ஒன்றல்ல. 2005 - 2006 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, 20 வயதிற்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 10 வீதத்தினருக்கு அது இருந்ததைக் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகமானோர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். அறிந்தவர்களும் மருந்தை இடையில் விட்டால் கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். எனக்குத் தெரிந்த ஒரு தாய், காலில் உணர்ச்சி குறைகின்றது என்று மூன்று கிளினிக்குகளில் தொடர்ந்து சொல்லியிருக்கின்றார். யாரும் கொப்பியில் எழுதவில்லை. பிள்ளைகள் கேட்டபோது, "டொக்டருக்கு நேரமில்லை மகன், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றாராம். கடைசியில் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. அத்தாய் பொறுமைசாலிதான், ஐயமில்லை. ஆனால் அவர் கடைப்பிடித்தது மார்க்கம் கேட்ட பொறுமைதானா?

நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். அருமை மகன் யூஸுபை இழந்தபோது அழகிய பொறுமையைக் கைக்கொள்வதாக அறிவித்தவர்கள் அவர்கள். துக்கத்தால் அவர்களுடைய கண்பார்வையே போயிற்று. அதே நபி, பின்னர் தம் புதல்வர்களை அழைத்து, போய் யூஸுபையும் அவருடைய சகோதரரையும் தேடி விசாரியுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள் என்று அனுப்பி வைத்தார்கள். ஆண்டுகள் பல கடந்த பின்னரும் விசாரிக்கச் சொன்னார்கள். அழகிய பொறுமை என்பது வாய்மூடி மூலையில் அமர்வதாயிருந்தால், அந்தப் பிரயாணம் எதற்கு? விசாரிப்பதும் பொறுமையின் பகுதியே.

மதீனாவில் கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) என்றொரு பெண்மணி இருந்தார்கள். கணவர் கோபத்தில் உச்சரித்த ஒரு வார்த்தையால் அவர்களுடைய குடும்பம் தொங்கலில் நின்றது. நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். அவ்விடயத்தில் அதுவரை வஹீ இறங்கியிருக்கவில்லை. அவர் விரும்பிய பதில் உடனே கிடைக்கவில்லை. அவர் திரும்பிப் போகவில்லை. பிள்ளைகளின் நிலையைச் சொன்னார், தன் முதுமையைச் சொன்னார், மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். அவர் விடயமாக இறைவசனங்கள் இறங்கின. ஒரு ஸூராவுக்கே தர்க்கித்த அப்பெண்ணின் பெயர் அமைந்தது. அவர் மரியாதை தவறவுமில்லை, ஓய்ந்துபோகவுமில்லை. நம் உம்மாமார் கிளினிக் வாசலில் கைக்கொள்ள வேண்டிய முன்மாதிரி இதுவென்று நான் கருதுகின்றேன். "சேர், என் காலைப் பாருங்கள், உணர்ச்சியில்லை. இதைக் கொப்பியில் எழுதிவிடுங்கள்" என்று சொல்வது மரியாதைக் குறைவாகாது.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் சுகம் விசாரிக்கச் சென்று, தம் திருக்கரத்தை அவருடைய நெஞ்சின் மீது வைத்தார்கள். அந்தக் கரம் பட்ட பின்னும், தகீப் கோத்திரத்து வைத்தியரான ஹாரித் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்தார்கள். ஊதித் தண்ணீர் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று சொல்வோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இதே ஸஅத் (ரழி) அவர்கள் பின்னாளில் கூபா நகரின் ஆளுநரானார்கள். சந்தையின் இரைச்சல் பொறுக்காமல் தம் மாளிகைக்கு ஒரு கதவு அமைத்தார்கள். மக்களுக்கும் ஆளுநருக்கும் இடையில் கதவு வந்துவிட்டது என்ற செய்தி மதீனாவை எட்டியதும், கலீபா உமர் (ரழி) அவர்கள் முஹம்மத் இப்னு மஸ்லமா (ரழி) அவர்களை அனுப்பி அந்தக் கதவை எரித்துவிடச் செய்தார்கள். (இளைஞர்களே, வைத்தியசாலைக் கதவை எரிக்கச் சொல்லி மௌலவி பேசினார் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள்!) பொதுமக்களின் தேவைக்கு முன் கதவை மூடுகின்ற பதவியாளரின் தேவைகளுக்கு அல்லாஹ் தன் கதவை மூடுவான் என்ற கருத்தில் நபிமொழியும் வந்திருக்கின்றது. தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்க, எடுக்காமல் அமர்ந்திருப்பதும் ஒரு மூடிய கதவுதான். இந்த உரையைக் கேட்பவர்களுள் வைத்தியர்கள், தாதியர், லிகிதர்கள் இருப்பீர்களானால், உங்கள் பதவி ஓர் அமானிதம் என்பதை மறவாதீர்கள்.

அதேவேளை நீதியாகவும் பேச வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்தது. வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். ஒரு காலை வேளையில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் வைத்தியரும் மனிதர்தான். அவரிடம் குரலை உயர்த்துவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கின்றேன். தெரிந்த சிற்றூழியர் ஒருவரைப் பிடித்து, அவர் கையில் எதையேனும் வைத்து, வரிசையை முந்திப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது லஞ்சம். அத்தோடு, அதிகாலையில் வந்து பசியோடு காத்திருக்கும் ஒரு கிழவியின் உரிமையைப் பறிப்பதுமாகும். அடியானின் ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். லயத்திலிருந்து வந்த அந்தக் கிழவியை நீங்கள் மறுமையில் எங்கே தேடுவீர்கள்?

அப்படியானால் வழி என்ன? முதலாவது கிளினிக் கொப்பி. அதுதான் நோயாளியின் சாட்சி. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கட்டளையிடுகின்றது. பணத்திற்கே அவ்வளவு என்றால் உடலுக்கு எவ்வளவு எழுத வேண்டும்! பரிசோதனை முடிவுகளையும் மருந்துத் துண்டுகளையும் திகதி வாரியாகக் கொப்பியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் இட்டு வையுங்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2017 மே மாதம் இரத்தினபுரியை வெள்ளம் மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. நம் பகுதியில் வீட்டை விட்டு ஓடும்போது எடுக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். மருந்தை "வெள்ளைக் குளிசை, பெரிய குளிசை" என்று சொல்லாமல் அதன் பொதுப்பெயரைப் பிள்ளைகள் கற்றுக் கொடுக்க வேண்டும். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை அமைத்த பேராசிரியர் சேனக்க பிபிலே போராடியதே இந்தப் பொதுப்பெயருக்காகத்தான். வைத்தியசாலையில் மருந்து இல்லாதபோது, பொதுப்பெயர் தெரிந்தவர் ஒசுசலவில் விலை குறைந்ததைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்து, எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அறிந்திருக்க வேண்டும். இரத்தினபுரி, கேகாலை நகரங்களின் பெரிய வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளவை. ஊர்களிலுள்ள பிரதேச வைத்தியசாலைகள் மாகாண நிருவாகத்தின் கீழ் வருபவை. அவற்றிற்குப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பொறுப்பு. ஒன்றின் முறைப்பாட்டை மற்றொன்றிற்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருப்போர் உண்டு. வாயால் சொன்னது காற்றோடு போகும். ஒரு பக்கத்தில், பணிவான மொழியில், திகதியும் கிளினிக் இலக்கமும் இட்டு எழுதுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு நமக்கு அளித்திருக்கின்றது. பரிசோதனை முடிவு எங்கே, மருந்து ஏன் இல்லை என்பவற்றிற்குப் பதிலே வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். இது சண்டை அல்ல. கவ்லா (ரழி) அவர்களின் வழிதான். பேனாவால் செய்கின்றோம், அவ்வளவே.

மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு வலி என்றால் கடிதமும் வேண்டாம், கிளினிக் நாளும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

இளைஞர்களே! இனி உங்களோடுதான் பேச்சு. உங்களுக்குச் சிங்களம் சரளமாக வரும், தொலைபேசியும் கையில் இருக்கின்றது. உங்கள் வாப்பாவுக்கு இரண்டும் இல்லை. கிளினிக் வாசலில் சிங்களத்தில் சொல்லப்பட்டதைப் பாதி விளங்கி, தலையாட்டிவிட்டு வருகின்றாரே, அது அவருடைய குற்றமல்ல. மாதத்தில் ஒரு காலைப் பொழுதை அவருக்குக் கொடுங்கள். முதல் நாள் இரவே அவரோடு அமர்ந்து, கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிடங்களில் மூன்று கேள்விகளுக்குத்தான் இடமுண்டு. வெள்ளிக்கிழமையில் கிளினிக் விழுந்து, ஜும்ஆ நேரத்திலும் முறை வராவிட்டால் கலங்க வேண்டாம். நோயாளிக்கு அது தக்க காரணம். அவரைத் தனியே விட முடியாத நிலையில் உடனிருந்து பார்ப்பவருக்கும் சலுகை உண்டென்று நம் ஷாபிஈ மத்ஹப் இமாம்கள் எழுதியிருக்கின்றார்கள், லுஹரைத் தொழுதுகொள்ளுங்கள். உங்கள் வாப்பாவின் அருகில், சிங்களம் புரியாமல் விழித்துக்கொண்டிருக்கும் தோட்டத்து அம்மா ஒருவர் அமர்ந்திருந்தால், அவருடைய கொப்பியையும் வாங்கிப் பார்த்து விளக்கிச் சொல்லுங்கள். அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய நபிமொழிகள் அண்டை வீட்டாரின் மதத்தைக் கேட்கவில்லை.

மஸ்ஜித் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. 2020 ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பினார்கள். வழியொன்று வேண்டும் என்று நினைத்தால் வழி பிறக்கும் என்பதற்கு அது அத்தாட்சி. உங்கள் மஹல்லாவில் எத்தனை பேர் எந்தக் கிழமையில் எந்தக் கிளினிக்கிற்குச் செல்கின்றார்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கின்றதா? ஒரு வானை ஒழுங்கு செய்யவும், ஏழை நோயாளிக்குச் சீனி பார்க்கும் கருவியை ஸதகாவாகக் கொடுக்கவும் அந்தப் பட்டியல் இருந்தால்தான் முடியும்.

ரமழான் விடயம் ஒன்று எஞ்சியிருக்கின்றது. சீனி வியாதியுள்ளோர் நோன்புக்கு முதல் நாள் மௌலவியிடம் ஓடி வருகின்றார்கள். ஆறு எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்க வேண்டும். மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். ரஜப் மாதக் கிளினிக்கிலேயே கேளுங்கள். அங்கே பதில் வராவிட்டால் ஷஃபானில் மீண்டும் கேட்க ஒரு தவணை மிஞ்சும். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. உணவுச் சத்தைச் செலுத்தாத, தோலின் கீழ் ஏற்றும் ஊசியாலும் முறியாது என்று 1997 இல் ஜித்தாவில் கூடிய பிக்ஹ் அறிஞர் சபை தீர்மானித்தது. இன்சுலின் இதில் அடங்கும். சீனி 70 இற்குக் கீழே இறங்கினால் அந்த நேரமே நோன்பைத் திறந்துவிட வேண்டும், மஃரிபுக்குப் பத்து நிமிடங்கள்தான் இருந்தாலும் சரியே. நோன்பே நோற்க முடியாத, குணமாகும் நம்பிக்கையும் இல்லாத நோயாளி, ஒவ்வொரு நோன்பிற்கும் ஒரு முத்து உணவை ஏழைக்குக் கொடுப்பார். அந்தப் பித்யாவின் அளவையும் விலையையும் அறிய விரும்புவோர் தத்தம் ஊர் கதீபிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.