கணனி ஆராய்ச்சியின் நான்கு கேள்விகள்



கணனியைப் பற்றிப் பேசாதவர் இன்று இல்லை. வங்கியிலும் வைத்தியசாலையிலும் தபாற் கந்தோரிலும் அதனைக் காண்கிறோம். கைத்தொலைபேசி என்னும் பெயரில் அது நம் சட்டைப் பையிலேயே குடிபுகுந்துவிட்டது. ஆயினும், கணனி விஞ்ஞானத்தில் ஆராய்ச்சி என்றவுடன், இன்னும் வேகமான யந்திரம் ஒன்றைச் செய்வதே அது என்று பலரும் எண்ணுகின்றனர். "இதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும், ஐயா?" என்பதே பெற்றோர் பாடசாலை அதிபரிடம் கேட்கும் முதற் கேள்வியாகவும் பெரும்பாலும் இறுதிக் கேள்வியாகவும் இருக்கிறது. உத்தியோகம் வேண்டியதே, அதனை இகழ்வதற்கில்லை. ஆனால் உலகம் அந்த ஒரு கேள்வியை மாத்திரமே கேட்டுக்கொண்டிருந்தால், இன்று உத்தியோகம் தருகின்ற இந்த யந்திரம் தோன்றியே இராது. இவ்வுண்மையை நான்கு ஆராய்ச்சிகளைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். நான் கலைப் பட்டதாரி. ஆகையால் சமன்பாடுகளுக்கு அஞ்சும் நேயர்கள் வானொலியை மூடிவிட வேண்டியதில்லை.

முதலாவது கேள்வி: கணித்தல் என்றால் என்ன?

1936ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் ரியூரிங் என்னும் இளைஞர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது 24. இன்று நாம் அறிந்த மின்னணுக் கணனி அன்று உலகில் எங்கும் இல்லை. அவர் தம் மனத்திலே ஒரு யந்திரத்தை அமைத்தார். முடிவில்லாத நீண்ட கடதாசி நாடா ஒன்று, அதிலே கட்டங்கள். யந்திரம் ஒரு கட்டத்தில் உள்ள குறியைப் படிக்கும். அதனை அழிக்கும், அல்லது வேறொன்றை எழுதும். பின்னர் இடப்புறமோ வலப்புறமோ நகரும். இவ்வளவே அதன் தொழில். விதிப்படி செய்யக்கூடிய கணக்கு எதனையும் இவ்வெளிய யந்திரம் செய்துவிடும் என்றும், எல்லா யந்திரங்களின் வேலையையும் செய்யவல்ல பொது யந்திரம் ஒன்றை அமைக்கலாம் என்றும் அவர் காட்டினார். இன்று ஒரே கணனி கடிதம் எழுதுவதும், கணக்குப் பார்ப்பதும், பாட்டு இசைப்பதும் இக்கருத்தின் பயனே.

ஆனால் அவருடைய கட்டுரையின் நோக்கம் யந்திரத்தின் பெருமையைப் பேசுவதன்று. அதன் எல்லையைக் காட்டுவதே. ஒரு யந்திரம் தன் வேலையை முடித்து நிற்குமா, அன்றி ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்பதை எல்லா வேளைகளிலும் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய பொது முறை எதுவும் இல்லை என்பது அவர் வழியில் நாம் அறிந்த உண்மை. அமெரிக்காவில் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலொன்சோ சேர்ச் என்பவரும் வேறொரு வழியாக அதே ஆண்டில் இத்தகைய முடிவை எய்தினார். கணனி பிறக்குமுன்னரே அதனால் இயலாதது எது என்பது நிறுவப்பட்டுவிட்டது! சிந்தனையின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இரண்டாவது கேள்வி: பிழையை யந்திரமே திருத்திக்கொள்ள இயலுமா?

வானொலி நேயர்களுக்கு இரைச்சல் புதிதன்று. மழைக்காலத்து இடிமின்னலில் பாடகரின் குரல் கரகரப்பில் மறைவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். செய்தி செல்லும் வழியில் இரைச்சல் இருந்தபோதிலும், அவ்வழியின் கொள்ளளவுக்கு உட்பட்டு அனுப்பினால், பிழையை நாம் விரும்பும் அளவுக்குக் குறைத்துவிடலாம் என்று 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கிளோட் ஷனன் நிறுவினார். அதே ஆய்வுகூடத்தில் இருந்த றிச்சர்ட் ஹமிங் என்பவர் வார இறுதியில் யந்திரத்திடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுச் செல்வார். இடையில் ஒரு பிழை நேர்ந்தால் யந்திரம் அதனைக் கண்டு அக்கணக்கையே கைவிட்டுவிடும். பிழை இருப்பதை அறியும் யந்திரம், அது எங்கே இருக்கிறது என்பதையும் அறிந்து ஏன் திருத்தலாகாது என்று அவர் கேட்டார். 1950ஆம் ஆண்டில் அதற்கு விடையையும் வெளியிட்டார்.

அக்கருத்தை நம் பாடசாலை முற்றத்திலேயே விளக்கலாம். பிள்ளைகள் பதினாறு பேரை நால்வர் கொண்ட நான்கு வரிசைகளாக நிறுத்துங்கள். சிலர் கையை உயர்த்தியிருக்கட்டும், சிலர் தாழ்த்தியிருக்கட்டும். இனி ஒவ்வொரு வரிசையின் முடிவிலும், ஒவ்வொரு நிரலின் அடியிலும் ஒரு காவலரை நிறுத்துங்கள். உயர்ந்த கைகளின் தொகை வரிசைதோறும் நிரல்தோறும் இரட்டை எண்ணாக வரும்படி காவலர் தம் கையை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டும். இப்பொழுது நீங்கள் திரும்பி நிற்கையில் ஒரு பிள்ளை குறும்பாகத் தன் கை நிலையை மாற்றிவிட்டால், ஒரு வரிசையிலும் ஒரு நிரலிலும் தொகை ஒற்றையாகிவிடும். அவை இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்பவனே குறும்பன். ஹமிங் கண்ட முறை இதனினும் சிக்கனமானது. பதினொரு இலக்கங்களைக் காக்க அவருக்கு நான்கு காவலரே போதும். இவ்வழியில் வந்த ஆராய்ச்சிகளில் ஒன்று 1960ஆம் ஆண்டில் ரீட், சொலமன் என்னும் இருவர் வெளியிட்டது. 1989ஆம் ஆண்டில் வொயேஜர் விண்கலம் நெப்டியூன் கிரகத்தின் படங்களைப் பிழையின்றி அனுப்பியதற்கு அவர்களுடைய முறையும் துணைநின்றது.

மூன்றாவது கேள்வி: விடையைச் சரிபார்ப்பதும் விடையைக் கண்டுபிடிப்பதும் ஒன்றா?

அதிபர்கள் அனைவரும் அறிந்த துன்பம் ஒன்று உண்டு. அதுதான் ஆண்டின் தொடக்கத்தில் நேரசூசி அமைத்தல். ஓராசிரியர் ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்புகளில் இருத்தலாகாது. ஆய்வுகூடமோ ஒன்றே. சங்கீத ஆசிரியை இரண்டு நாட்களுக்கு மாத்திரமே வருவார். பிறர் அமைத்துத் தந்த நேரசூசியைச் சரியா பிழையா என்று பார்ப்பதற்குச் சிறிது பொழுது போதும். ஆனால் அதனை அமைப்பதற்கோ நாட்கள் பல செல்லும். பல வேளைகளில் முழுவதையும் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்க நேரும். எளிதிற் சரிபார்க்கக்கூடிய எதனையும் எளிதிற் கண்டுபிடிக்கவும் இயலுமா? கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் குக், 1971ஆம் ஆண்டில் இவ்வினாவுக்குத் திட்டமான கணித வடிவம் தந்தார். அடுத்த ஆண்டில் றிச்சர்ட் கார்ப் என்பவர், தோற்றத்தால் வேறுபட்ட 21 பிரச்சினைகள் உள்ளே ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார். அவற்றுள் ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். நமது நேரசூசியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் இக்கேள்விக்கான விடைக்குப் பத்து இலட்சம் டொலரைப் பரிசாக அறிவித்தது. பரிசைப் பெறுவார் இன்னும் தோன்றவில்லை.

நான்காவது கேள்வி: முன்பின் அறியாத இருவர், ஊரறியப் பேசியே இரகசியம் பரிமாறலாமா?

கும்பகோணத்து இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி என்னும் பேராசிரியரை நேயர்கள் அறிவர். எண்களைப் பற்றிய தமது கணிதம் போருக்கோ பிற உலகியற் காரியத்துக்கோ உதவாதது என்று 1940ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அவர் ஒருவகைப் பெருமிதத்துடனேயே குறிப்பிட்டார். 1977ஆம் ஆண்டில் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அந்த எண்களைக் கொண்டே ஒரு பூட்டைச் செய்தனர். இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கத்தை மாத்திரம் கொடுத்து அவ்விரு எண்களையும் கண்டுபிடி என்றால் அரிது. இதுவே பூட்டின் இரகசியம். எவரும் அதனைப் பூட்டலாம். திறப்பை உடையவர் மாத்திரமே திறக்கலாம். அவர்கள் அறைகூவலாக விடுத்த 129 இலக்க எண்ணைப் பிரிப்பதற்கு, நூற்றுக்கணக்கானோர் தம் கணனிகளை இணைத்து உழைத்தும் 1994ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இணையத்தின் வழியே பணம் அனுப்புவோரை இத்தகைய பூட்டுகளே காத்துவந்திருக்கின்றன. குக் எழுப்பிய கேள்விக்கு ஆம் என்னும் விடை கிடைக்குமாயின் இப்பூட்டுகளின் அடிப்படையே ஆட்டங்காணும். பரிசுக்குரிய அக்கேள்வி வெறும் மூளை விளையாட்டன்று என்பது இதனாற் புலப்படும்.

நேயர்களே, இந்நான்கு கேள்விகளையும் ஒருசேர நோக்குங்கள். ஹமிங் ஒருவரை விட்டால், உடனடிப் பயனை நாடித் தொடங்கியவர் அரியர். ஹார்டியோ பயனின்மையையே பெருமையாகக் கொண்டார். ஆயினும் பயன் வந்தது. சில வேளை பத்தாண்டிலும், சில வேளை ஒரு தலைமுறை கழிந்தும் வந்தது. மாமரத்தை நட்டவன் மறுநாளே கனி கேட்பதில்லை. பல்கலைக்கழகங்களிடமும் மாணவரிடமும் மாத்திரம் நாம் அதனைக் கேட்கலாமா?

இன்று வினாவைக் கொடுத்தவுடன் கட்டுரையே எழுதித் தரும் கணனிகளும் வந்துவிட்டன. அவற்றைக் கண்டு ஆசிரியர் அஞ்சவும் வேண்டாம். மாணவர் மயங்கவும் வேண்டாம். விடையைப் பெறுவது எளிதாகிவிட்ட காலத்தில், அது சரியா என்று பார்க்கும் அறிவே முன்னிலும் அரியதாகிறது. கணக்கின் படிகளைத் தன் கையால் ஒருமுறையேனும் எழுதிப் பாராத பிள்ளை, யந்திரம் பிழை சொன்னால் அதனை எவ்வாறு அறியும்? யந்திரத்தை இயக்கும் விரலை மாத்திரம் பழக்கினால், நம் பிள்ளைகள் பிறர் செய்ததை வாங்கிப் பயன்படுத்துவோராகவே நின்றுவிடுவர். கணிதத்தையும் தருக்கத்தையும் மொழியையும் ஊன்றிக் கற்பித்தால், அவர்களுட் சிலரேனும் ஐந்தாவது கேள்வியை எழுப்புவர்.

ஆகவே பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இதுவே. பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி வாங்கினாய் என்று கேளுங்கள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதனோடு, இன்று நீ என்ன கேள்வி கேட்டாய் என்றும் கேளுங்கள்.