ஒரே வாயில், இரண்டு தராசு

(மாணவர் பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வியும் சமநீதியும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பரந்த பொருள் அது. அதனைச் சுற்றி வளைத்துப் பேசுவதைவிட, ஒரே ஒரு பல்கலைக் கழகத்தின் ஒரே ஒரு வாயிலில் உங்களை நிறுத்தி, அங்கே நடந்ததை எடுத்துரைப்பது பயன் தரும் எனக் கருதுகிறேன். அந்த வாயில் மாஸ்கோ நகரில் இருக்கிறது. கணிதம் பயில விரும்பிய இளைஞர்கள் சென்று தட்டிய வாயில் அது.

சோவியத் நாட்டின் அறிவியல் வளர்ச்சியைப் பாராட்டி இதுபோன்ற மேடைகளில் பன்முறை பேசியவன் நான். 1957-ல் முதல் செயற்கைக் கோளை விண்ணில் ஏவிய நாடு அது. அந்நாட்டுப் பல்கலைக் கழகத்தின் குறையை இப்போது நான் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பகைவனின் குற்றத்தை எடுத்துரைக்க நெஞ்சுரம் தேவையில்லை, தோழர்களே! நாம் மதிக்கின்ற இடத்தில் நேர்ந்த அநீதியைச் சொல்லும்போதுதான் நம் நேர்மை உரைகல்லில் ஏறுகிறது. எனவேதான் சொல்கிறேன்.

1953-ல், லெனின் குன்றுகள் என அந்நாளில் வழங்கிய மேட்டில், வானளாவும் கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. மாஸ்கோ அரசுப் பல்கலைக் கழகத்தின் தலைமைக் கட்டடம் அது. அதனுள் இருப்பதுதான் எந்திரவியல், கணிதத் துறை. கோல்மகோரவ், கெல்ஃபாண்ட் போன்ற பேரறிஞர்கள் அங்கே கற்பித்தார்கள். 1935-லேயே மாஸ்கோவில் பள்ளி மாணவர்க்கான கணிதப் போட்டி தொடங்கிவிட்டது. 1963-ல், தலைநகருக்கு வெளியேயுள்ள ஊர்களிலிருந்து திறமைமிக்க பிள்ளைகளைத் தேடிக் கொணர்ந்து பயிற்றுவிப்பதற்காக, பல்கலைக் கழகத்தைச் சார்ந்த உறைவிடப் பள்ளி ஒன்று எழுந்தது. அதனை எழுப்பியதில் முதன்மையானவர் கோல்மகோரவ். அறிவு எந்தக் குடிசையில் இருந்தாலும் அதனைத் தேடிச் செல்வேன் என்றது அந்தப் பல்கலைக் கழகம். பெருமைக்குரிய செயல்தான். யார் மறுப்பார்?

ஆனால், அதே பல்கலைக் கழகத்தின் வாயிலில், 1970-களிலும் 1980-களிலும், இன்னொரு காட்சி நடந்தது.

அத்துறையில் சேர விரும்புவோர் நான்கு தேர்வுகளைக் கடக்க வேண்டும். கணிதத்தில் எழுத்துத் தேர்வு ஒன்று, வாய்மொழித் தேர்வு ஒன்று, பிறகு இலக்கியக் கட்டுரை, பிறகு இயற்பியல். எழுத்துத் தேர்வில் அனைவர்க்கும் ஒரே வினாத்தாள். வாய்மொழித் தேர்வில் அப்படியன்று. அறைக்குள் தேர்வாளர் இருப்பார், மாணவன் இருப்பான். என்ன கேட்டார், என்ன சொன்னான் என்பதற்கு வேறு சான்று இராது. அந்த இருட்டில்தான் வஞ்சகம் குடிபுகுந்தது.

விண்ணப்பத்தில் பெற்றோர் பெயர் எழுத வேண்டும். சோவியத் குடிமக்களின் அடையாளச் சீட்டில் இனம் இன்னது என்று குறிக்கப்பட்டிருந்தது. யூத இனத்தைச் சார்ந்தவன் எனப் பெயரோ சீட்டோ காட்டிக் கொடுத்துவிட்டால், அம்மாணவனுக்கென்று தனி வினாக்கள் காத்திருந்தன. அவற்றிற்கு மாணவர்கள் இட்ட பெயர் 'சவப்பெட்டிகள்'. ஆம் தோழர்களே, இளைஞனின் எதிர்காலத்தை உள்ளே கிடத்தி ஆணியடிக்கும் கணக்குகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

அந்தக் கணக்கு எப்படியிருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். இரண்டை அடியாகக் கொண்ட மூன்றின் மடக்கை பெரிதா, மூன்றை அடியாகக் கொண்ட ஐந்தின் மடக்கை பெரிதா? அட்டவணையைப் பார்க்கக் கூடாது. பொறியைத் தொடக் கூடாது. பார்த்தால் சிறிய கேள்வி. இரண்டு எண்களும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் நிற்கின்றன. எதைப் பற்றிக்கொண்டு ஒப்பிடுவது? பையன் திகைக்கிறான், வியர்க்கிறான், மணித்துளிகள் ஓடுகின்றன.

விடையைக் கேளுங்கள். ஒன்றரை என்னும் எண்ணை நடுவில் நிறுத்துங்கள். இரண்டை மும்முறை பெருக்கினால் 8. மூன்றை இருமுறை பெருக்கினால் 9. எட்டு ஒன்பதைவிடச் சிறிது. ஆகவே முதல் மடக்கை ஒன்றரைக்கு மேல். மூன்றை மும்முறை பெருக்கினால் 27. ஐந்தை இருமுறை பெருக்கினால் 25. ஆகவே இரண்டாவது மடக்கை ஒன்றரைக்குக் கீழ். முதலாவதே பெரிது. முடிந்தது கணக்கு!

இங்கேதான் சூழ்ச்சியின் நுட்பத்தைக் காண வேண்டும். விடை நீளமாக இருந்தால், மேல்முறையீடு செய்யும் பெற்றோர், "பள்ளிப் பிள்ளையிடம் கேட்கத் தக்க கேள்வியா இது?" என வாதாடலாம். விடை நான்கே வரியில் இருந்தால்? "இத்துணை எளிய கேள்விக்கு விடை தெரியாதவனா எங்கள் துறைக்குத் தகுதியானவன்?" என்று அதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லலாம். கண்டுபிடிக்கக் கடினம், காட்டுவதற்கு எளிமை. அநீதிக்குத் தகுதி என்னும் சட்டையை மாட்டிவிடும் கலை அது.

1975-ல், பன்னாட்டுக் கணிதப் போட்டிக்காகப் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்த சோவியத் அணியின் மாணவர்களிடம், வலேரி செந்தேரவ் என்னும் கணித ஆசிரியர் இத்தகைய கணக்குகளைக் கொண்டு சென்று, விடுவித்துத் தருமாறு கேட்டார். நாட்டிலேயே தலைசிறந்த இளைஞர்கள் அவர்கள். ஒரு மாத காலம் முயன்றும் ஏறத்தாழப் பாதிக் கணக்குகளைத்தான் அவர்களால் விடுவிக்க முடிந்தது என்று அவ்வணியில் இருந்த தான்யா கோவனோவா பின்னாளில் எழுதியிருக்கிறார். தேர்வறையில் நின்ற மாணவனுக்கோ மாதக்கணக்கில் அல்ல, மணித்துளிக் கணக்கில்தான் நேரம்!

1984-ல், பதினாறு வயது இளைஞன் ஒருவன் அந்த வாயிலுக்கு வந்தான். கொலோம்னா என்னும் தொழில் நகரத்தைச் சேர்ந்தவன். எட்வர்ட் ஃபிரென்கல் என்பது பெயர். தந்தை யூதர். வாய்மொழித் தேர்வில் வட்டம் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒரு புள்ளியிலிருந்து சம தொலைவில் தளத்தின்மீது அமைந்த புள்ளிகளின் தொகுதி என்றான். தவறு என்றார்கள்! 'எல்லாப் புள்ளிகளின்' தொகுதி என்று சொல்லவில்லையாம். மணிக்கணக்கில் நீண்டது அந்த விசாரணை. அதனைத் தேர்வு என்று சொல்ல என் நா எழவில்லை. இறுதியில் அவன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். எண்ணெய், எரிவாயுக் கல்விக் கழகத்துக்குப் போகலாம் என்று அறிவுரையும் கிடைத்தது. போனான். அங்கிருந்தபடியே, மூடிய பல்கலைக் கழகத்தின் வேலியேறிக் குதித்துச் சென்று விரிவுரைகளைக் கேட்டான். 1989-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக் கழகம் அவனை வருகைப் பேராசிரியராக அழைத்தது. அப்போது வயது இருபத்தொன்று! தகுதியற்றவன் என எடைபோட்ட தராசு எத்தகைய தராசு என்பதற்கு இதைவிட வேறு தீர்ப்பு வேண்டுமோ?

ஆனால் தோழர்களே, ஃபிரென்கல் ஒருவர் வென்றார் என்று நாம் மகிழ்ந்து அமைந்துவிடலாகாது. வேலியேற முடியாதவர்கள் எத்தனை பேர்? சேர்க்கை கிடைக்காத இளைஞனை இராணுவப் பணி அழைக்கும். அவனோடு முடிந்தது கணிதம். பெயர் தெரியாமல் போனவர்களே இக்கதையின் உண்மையான நாயகர்கள்.

வரலாற்றைப் பாருங்கள். 1887-ல் ஜார் ஆட்சி, உயர்கல்வியில் யூதர்க்கு வரம்பு கட்டியது. அவர்கள் குடியிருக்க விடப்பட்ட பகுதிகளில் நூற்றுக்குப் பத்து, வெளியே ஐந்து, பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ நகரங்களில் மூன்று. 1917-ன் புரட்சி அந்த விலங்கை உடைத்தது. ஜாரின் தடை தாளில் எழுதப்பட்டிருந்தது. எதிர்த்துப் போரிட முடிந்தது. பின்னர் வந்த தடை எந்தத் தாளிலும் இல்லை. சட்டம் சமத்துவம் பேசியது. தேர்வறை சாதித்துக் காட்டியது வேற்றுமையை. ஆகவே, சட்டப் புத்தகத்தில் சமத்துவம் எழுதியாயிற்று என்று உறங்கச் செல்பவன் பாதிப் போரிலேயே படைக்கலத்தைக் கீழே போட்டவன் ஆவான்.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். செந்தேரவும் போரிஸ் கனேவ்ஸ்கியும் சான்றுகளைத் திரட்டி எழுதினார்கள். 1982-ல் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். பெல்லா சுபோதோவ்ஸ்கயா என்னும் அம்மையார், 1978-ல் தம் சிறிய வீட்டிலேயே வகுப்பைத் தொடங்கினார். வாயிலில் விரட்டப்பட்ட பிள்ளைகளுக்குப் பல்கலைக் கழகக் கணிதத்தை அறிஞர்கள் ஊதியமின்றிக் கற்பித்தார்கள். திமித்ரி ஃபுக்ஸ் போன்றோர் விரிவுரை ஆற்றினார்கள். அம்மையார் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்தார். பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டியும் கொடுத்தார். யூதரல்லாதவர்க்கும் அங்கே இடமிருந்தது. காவல் துறை விசாரித்தது. 1982 செப்டம்பரில், இரவு நேரத்தில் லாரி மோதி அம்மையார் மாண்டார். வகுப்புகள் 1983 வரை நடந்து ஓய்ந்தன.

இது ஒரு நாட்டின் நோய் மட்டுமன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், 1837-ல் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார் சில்வெஸ்டர். யூதரான அவர், ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளுக்குக் கையொப்பமிட மறுத்ததால் பட்டம் மறுக்கப்பட்டது. 1890-ல் ஃபிலிப்பா ஃபாசெட் என்னும் பெண்மணி, முதலிடம் பெற்ற ஆடவரையும் விஞ்சினார். பெண்களுக்கு அங்கே முழுப் பட்டம் கிடைத்ததோ 1948-ல்!

இன்று அங்கே கணிதம் பயில, 'ஸ்டெப்' என்னும் தனித் தேர்வு 1987 முதல் நடந்து வருகிறது. கடினமான தேர்வு. ஆனால் அனைவர்க்கும் ஒரே தாள். பழைய தாள்கள் எவரும் காணக் கிடைக்கின்றன. இலவசப் பயிற்சிக் குறிப்புகளும் உண்டு. இதனை வரவேற்கிறேன். கடினம் வேறு, கபடம் வேறு. இடங்கள் சில, வருவோர் பலர் என்றால் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஆயினும் அங்கும் ஒரு குறை நிற்கிறது. கணிதத்தோடு மேற்கணிதம் என்னும் கூடுதல் பாடத்தையும் படித்து வருமாறு எதிர்பார்க்கிறார்கள்; எல்லாப் பள்ளிகளும் அதனைக் கற்பிப்பதில்லை. ஒரே கேள்வியைக் கேட்பது நீதியின் முதற்படி. அக்கேள்வியைச் சந்திக்கும் பயிற்சி எல்லோர்க்கும் கிட்டச் செய்வது இரண்டாம் படி. முதற்படியிலேயே நின்றுவிட்டால் மாடி வந்து சேராது.

ஆகவே, நுழைவாயில் எதுவாயினும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எல்லார்க்கும் ஒரே வினாவா? விடைத்தாளைத் திருத்துகிறவர்க்கு எழுதியவன் பெயர் தெரியுமா? தவறு நேர்ந்தால் முறையிட இடமுண்டா? கேட்கப்படுவதைக் கற்பிக்கும் பள்ளி ஏழைப் பிள்ளைக்கு எட்டுமா? இந்நான்கிற்கும் விடை வரும்வரை, தகுதி என்னும் சொல்லைக் கேட்டு மயங்காதீர்கள், அஞ்சவும் செய்யாதீர்கள்.

கேட்பதோடு நில்லாதீர்கள். ஒரு சிறு வீட்டில், ரொட்டித் துண்டோடு, ஓர் அம்மையார் பல்கலைக் கழகத்தையே நடத்திக் காட்டினார். உங்களில் கணிதம் அறிந்தவர் பலர் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மாலை, ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை போதும். வாயிலில் நிற்கும் பிள்ளைக்குத் துணையாக நில்லுங்கள்!