வனவியல் படிப்பு: வரவும் செலவும்
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)



நம் மாவட்டத்திலேயே 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்துவிட்டது. "வனவியல் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் 4 வருடம். இந்திய வனப் பணியில், 7-ஆவது ஊதியக் குழுப்படி, தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.56,100. ஆனால் யு.பி.எஸ்.சி. தேர்வில் தேற வேண்டும். உள்ளூரில் தாவரவியல், வேதியியல் படித்தவரும் அதை எழுதலாம். தயாராக ஓரிரு வருடம் பிடிக்கும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். தேர்வு முடிவுக்காக வங்கி காத்திருக்காது. வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் வாங்கி, 10 சதவீதத் தனிவட்டி என்று வையுங்கள். தவணை தொடங்கும்போது வட்டி மட்டும் ரூ.1,40,000 சேர்ந்திருக்கும்.

படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டுங்கள். முதல் வருடம் மாதம் சுமார் ரூ.833, நான்காம் வருடம் ரூ.3,333 வரும். அசல் ஏறாது.

காட்டின் மேல் ஆசை உள்ள பிள்ளையைத் தடுக்க வேண்டாம். பட்டம் வாங்கியபின் இரண்டு வருடச் செலவுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டு அனுப்புங்கள்.